ஏழு மணிப் பெரட்டு

முகடு இணைய மன்றத்தில் சேர விரும்புகிறவர் தன் பெயர், ஊர், தோட்டம், தகப்பன் பெயர், மலையக எழுச்சியில் தனக்குள்ள ஈடுபாடு ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். செயற்குழு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி அதைப் பரிசீலிக்கும். ஏற்றுக்கொள்ளப்பட்டவர் உள்ளே வந்து "வணக்கம்" என்று எழுதலாம். அந்த வணக்கத்தை மட்டுறுத்துநர் ஒருவர் வாசித்து, அதில் ஆட்சேபத்துக்குரியது எதுவும் இல்லை என்று திருப்திப்பட்ட பின்னரே அது மற்றவர்களுக்குத் தெரியும். இதனால் மன்றத்தில் காலை வணக்கங்கள் பெரும்பாலும் மாலையில் வெளியாகின. யாரும் குறை சொல்லவில்லை. ஒழுங்கு என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று நானும் நினைத்தேன்.

பகலில் நான் அட்டன் கடைத்தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டு அழைப்புகள், போட்டோக் கொப்பி, இணையம் பார்ப்பதற்கு இரண்டு கம்பியூட்டர். அதே கட்டடத்தின் மாடியில் மாலை நேரக் கணினி வகுப்பு. படிப்பித்தவர் கஜதீபன் சேர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மன்றத்தின் தொழினுட்ப ஆலோசகரும் அவரே. மன்றத்தின் கூட்டங்களும் அந்த வகுப்பறையிலேயே நடக்கும். வகுப்பின் முடிவில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. எனக்கு 'நேரலை' கிடைத்தது.

நேரலை என்பது பெரிய விசயமல்ல. மன்றத்தின் பக்கத்தில் வலது கைப் புறமாக ஒரு பட்டை. அந்த நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்கள், எந்த இழையை, அதாவது எந்தத் தலைப்பில் ஓடும் பேச்சை வாசிக்கிறார்கள், எதை எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரிவரியாக ஓடும். நிரலை யாரோ எங்கோ எழுதி வைத்திருந்தார்கள். நான் அதைப் பொருத்தி, சொற்களைத் தமிழில் போட வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவர் எதை வாசிக்கிறார் என்பதை மற்றவருக்கு ஏன் காட்ட வேண்டும் என்று சேரிடம் கேட்டேன்.

"டெல்சி, நீர் கனக்க யோசிக்கிறீர். சனம் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். அவ்வளவுதான்" என்றார் சேர்.

சேர்ந்து இருப்பது நல்லதுதானே என்று செய்து முடித்தேன்.

தொடக்க விழா வகுப்பறையில் நடந்தது. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு. மவுஸின் மேல் சிவப்பு ரிப்பன். மன்றத் தலைவர் பேரின்பநாயகம் ஐயா, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, ரிப்பனை வெட்டும்போது மவுஸின் வயரையும் சேர்த்து வெட்டிவிட்டார். வேறு மவுஸ் வாங்கி வரும்வரை பேசச் சொன்னார்கள். அதற்கு அவருக்குத் தூண்டுதல் தேவைப்படவில்லை.

"ஒரு சமூகம் விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று இதுவரை நாங்கள் ஊகித்துக்கொண்டிருந்தோம். இனி ஊகிக்க வேண்டியதில்லை, பார்க்கலாம். இதைக் கண்காணிப்பு என்று சிலர் சொல்லக்கூடும். இது கண்காணிப்பு அல்ல, கரிசனை. கரிசனை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் ஒரு கணமும் விடாமல் கவனிப்பார்கள்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொழும்பு வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருந்த றமணன் என்ற உறுப்பினர் மட்டும் அன்றே விலகினார். தான் எங்கே இருக்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்ற விபரம், கொழும்பில் தங்கும் தமிழர் எல்லோரையும்போல, ஏற்கனவே பொலிசில் ஒரு பதிவாக இருக்கிறது, இரண்டாவது பதிவைத் தாங்க முடியாது என்று எழுதியிருந்தார். அவர் தனிப்பட்ட காரணங்களால் விலகியதாக அறிக்கையில் குறிப்பிடப்பட்டது.

முதல் சிக்கல் அடுத்த நாளே வந்தது. யாராவது உள்ளே வந்து, எதையும் தொடாமல் சற்று நேரம் இருந்தால் அவருக்கென்று ஒரு சொல் காட்ட வேண்டும். நான் 'சும்மா இருக்கிறார்' என்று போட்டிருந்தேன். தலைவர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அரை நாள் முழுக்க 'தலைவர் பேரின்பநாயகம் சும்மா இருக்கிறார்' என்று உலகமெங்கும் தெரிந்திருக்கிறது. கனடாவிலிருந்து ஒருவர் அதை வழிமொழிந்தும் எழுதியிருந்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. நான் மன்னிப்புக் கேட்டேன். நீண்ட விவாதத்தின் பின், பதவியில் இருப்பவர்களுக்குச் 'சிந்தனையில் இருக்கிறார்' என்றும், சாதாரண உறுப்பினர்களுக்குச் 'சும்மா இருக்கிறார்' என்றும் காட்டுவதெனத் தீர்மானமானது. மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து செயற்குழுவினர் யாரும் பக்கத்தை மூடுவதில்லை. எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் அத்தனை பேரும் சிந்தனையில் இருந்தார்கள்.

அதுவரை நடந்ததை ஒரு மாதிரிப் பொறுத்துக்கொண்டேன். பெரட்டு யோசனையைக் கொண்டு வந்தவர் செயலாளர் யேசுரட்ணம் மாஸ்டர். கொட்டகலையில் ஆசிரியர். அவருடைய தகப்பனார் தோட்டத்தில் தொழிலாளரை மேய்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்பதை அவர் எங்கும் சொல்வதில்லை. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே அவர் நடப்பதைப் பார்த்தால், கொழுந்து மலையில் வரிசையில் நின்ற யாருக்கும் அது தெரிந்துவிடும்.

அவர் சொன்னது இதுதான். ஆட்கள் கண்ட கண்ட நேரத்தில் உள்ளே வருகிறார்கள், போகிறார்கள். இதில் ஒரு கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் நேரலையில் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் ஏதாவது எழுதியவருக்கு முழுப் பேர். வாசித்தவருக்கு அரைப் பேர். சும்மா இருந்தவருக்குப் பேர் இல்லை.

தோட்டத்தில் காலையில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, வேலை பிரித்து, அன்றைய கூலிக்குப் பேர் போடுவதைத்தான் பெரட்டு என்போம். பிந்தி வந்தாலும் கொழுந்து நிறை குறைந்தாலும் அரைப் பேர். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும், எல்லோருமே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், தலைவரையும் கஜதீபன் சேரையும் தவிர. ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. 'மாலை ஒன்றுகூடல்' என்று தீர்மானத்தில் எழுதினார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்கும் மலையில் நனைந்து வந்து, கால் அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, கம்பியூட்டர்லயும் பெரட்டு வச்சிட்டீங்களா? அப்ப கொழுந்த எங்க நிறுக்கிறது?" என்றார்.

"அது பெரட்டு இல்லம்மா. ஒன்றுகூடல்."

"எங்களுக்கும் அப்படித்தான் சொல்றாங்க. ஒண்ணா கூடி நில்லுங்கன்னு. நான் இத்தன வருசம் நின்னு ஒன்னயப் படிக்க வச்சது, நீ போயி அவங்களுக்குப் பெரட்டுக்களம் கட்டிக் குடுக்கவா?"

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

மன்றம் களைகட்டியது என்று சொல்ல வேண்டும். 'மலையக மக்களும் மானுட விழுமியங்களும்' என்று தலைவர் எழுதிவந்த தொடர் கட்டுரையை அதுவரை அவரும் நானும் மட்டுமே வாசித்தோம், நான் தட்டச்சு செய்கிறவள் என்பதால். நேரலை வந்த பிறகு ஏழு மணிக்கு மொத்த மன்றமும் அதில்தான் நின்றது. வேறு எதையாவது வாசித்தால் பட்டையில் தெரிந்துவிடுமே. எங்கள் கடைக்கு வரும் பொடியன்கள் கட்டுரையைத் திறந்து, பக்கம் தானாக நகரும்படி விசைப்பலகையின் அம்புக்குறி மேல் நெருப்புப் பெட்டியை வைத்துவிட்டு முன்கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போனார்கள். நெருப்புப் பெட்டி கட்டுரையை அடிவரை வாசித்துவிட்டு அங்கேயே நின்றது. தலைவருக்குக் கண் கலங்கியது. ஓர் உறுப்பினர் கட்டுரையின் கடைசி வரியில் முக்கால் மணித்தியாலம் நின்றிருக்கிறார், அவ்வளவு ஆழமாக இதுவரை தன்னை யாரும் வாசித்ததில்லை என்று கூட்டத்தில் சொன்னார். அந்த உறுப்பினர் நெருப்புப் பெட்டி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகுதான் பேர் வெட்டும் தீர்மானம் வந்தது. ஒரு கிழமை தொடர்ந்து ஒன்றுகூடலுக்கு வராதவரின் பேர் வெட்டப்படும். எடுத்துக்காட்டாக யேசுரட்ணம் மாஸ்டர் ஒரு பெயரைச் சொன்னார். மீனம்மா.

"யார் இந்த மீனம்மா? ஒரு வணக்கம் கூட எழுதினது கெடையாது. தலைவரோட கட்டுரைப் பக்கம் எட்டிப் பாத்ததே இல்ல. ஒருத்தரும் வராத நேரத்துல வாறாங்க. ஒரே இழையத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாங்க, போறாங்க. அதுவும் என்ன இழை? மேற்பிரிவுச் செய்திகள். போன கிழமை அதுல என்ன செய்தி? ஒரு பையனுக்கு முன்பல்லு விழுந்திருச்சாம். இது ஒரு செய்தியா?"

செயற்குழு சிரித்தது. எங்கள் தோட்டத்து மேற்பிரிவின் செய்திகளை எழுதுகிறவள் நான். நானும் சிரித்தேன்.

மீனம்மா எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா, சுவருக்கு அந்தப் பக்கத்து அறை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. போகும் முன்பு கடைக்கு வரச் சொல்லி, மன்றத்துக்குள் எப்படி நுழைவது, எங்கே அழுத்துவது என்று பழக்கிவிட்டவள் நான். விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். மலையக எழுச்சியில் ஈடுபாடு என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினேன். அந்த வீட்டில் அவருக்குத் தொலைபேசி கொடுப்பதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருந்தாள். மதியம் வீடு தூங்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை தன் அறைக் கம்பியூட்டரில் மீனம்மாவைக் கொஞ்ச நேரம் உட்கார விடும். அந்த நேரத்தில் அவர் மேற்பிரிவுச் செய்திகளை வாசிப்பார். முன்பல் விழுந்தது அவருடைய மகனுக்கு. காய்ச்சல் வந்து மாறியதும், முதலாம் வகுப்பில் 'அம்மா' என்று எழுதப் பழகியதும் அதே பையன்தான். மன்றத்தில் வீட்டு விசயம் எழுதக் கூடாது என்று விதி இருந்ததால், நான் பெயர் போடாமல் பிரிவுச் செய்தியாக எழுதினேன். நேரலை இல்லாத காலத்தில் அவர் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது. தெரிய வைத்தவள் நான்.

பேர் வெட்டினால் உள்ளே வர முடியாது. என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். செயற்குழுவிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மீனம்மாவின் படத்தோடு ஒரு கட்டுரை வெளிவரும், அது அந்த வீட்டுக்காரர் கண்ணிலும் படலாம். அவருடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும், ஏழு மணிக்கு அவர் பேரில் நானே உள்ளே போய் நிற்கலாம். ஆனால் இன்னொருவர் பேரில் நுழைவது மோசடி என்று வகுப்பின் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். நான் நேர்மையாக இருக்க நினைத்தேன். அதனால் மேற்பிரிவுச் செய்திகளில் ஒரு வரி எழுதினேன்: 'மேற்பிரிவு ஆட்கள் கவனத்துக்கு. வருகிற வெள்ளிக்கிழமை இலங்கை நேரம் ஏழு மணிக்கு ஒரு தடவை தலையைக் காட்டினால் போதும், பேர் வெட்டுப்படாது.'

அன்று மதியமே பட்டையில் 'மீனம்மா மேற்பிரிவுச் செய்திகளை வாசிக்கிறார்' என்று ஓடியது. விசயம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி இருக்கும்போதே தப்பு வந்தது. ஏழு மணி ஆனதை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது செயலாளரின் கவலை. முன்பெல்லாம் தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்துத்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். அதேபோல ஏழு மணிக்கு மன்றம் திறந்திருக்கும் ஒவ்வொரு கம்பியூட்டரிலும் தப்பு அடிக்க வேண்டும், 'வந்தேன்' என்ற பொத்தானை அழுத்தும்வரை அது நிற்கக் கூடாது என்றார். தலைவர் உடனே எழுந்து, அன்று அடிமைத்தனத்தின் ஓசையாக இருந்தது இன்று எழுச்சியின் ஓசையாக மாறுகிறது என்றும், ஓசை ஒன்றுதான், கேட்கிற காது மாறியிருக்கிறது என்றும் பேசினார்.

டிக்கோயாவிலிருந்து கந்தப்பன் என்ற தப்புக்காரரைக் கூட்டி வந்து வகுப்பறையில் அடிக்க வைத்துப் பதிவு செய்தோம். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முடித்துவிட்டு, இது எந்தத் தோட்டத்துப் பெரட்டுக்கு என்று கேட்டார். எல்லாத் தோட்டத்துக்கும், வெளிநாட்டுக்கும் என்று சேர் விளக்கினார்.

"அப்ப ஞாயித்துக்கெழமயும் லீவு இல்லீங்களா?" என்றார் கந்தப்பன். அந்தக் கேள்வி குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

தப்பை மன்றத்தில் பொருத்தியவளும் நான்தான். பொருத்தும்போது மீனம்மாவை நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன். நமக்கு ஏழு மணி என்றால் அங்கே நாலரை, வீடு விழித்திருக்கும். ஆனால் அந்தக் கம்பியூட்டரில் ஒலிபெருக்கி இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் குறைத்து வைத்திருக்கலாம். நான் எழுதிய வரியை அழிக்கலாம், ஆனால் அழித்தால் அவர் வராமல் விடுவார், பேர் போய்விடும். வரியை அவர் வாசித்தும் விட்டார். இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் நியாயம் கண்டுபிடித்து, கடைசியில் எதையும் செய்யாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை தப்பின் தொடக்க விழா. திரையில் நேரலைப் பட்டை பெரிதாக ஓடியது. தலைவர் நடுக் கதிரையில். ஏழு மணிக்குச் சற்று முன்பு 'மீனம்மா உள்ளே வந்தார்' என்று விழுந்தது. செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்து, கண்டிப்பு இருந்தால் எல்லாம் சரிவரும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

ஏழு மணி. அறையிலிருந்த எல்லாக் கம்பியூட்டரும் ஒன்றாக அடித்தன. சபை எழுந்து நின்றது. 'செயலாளர்: வந்தேன்' என்று முதலில் விழுந்தது. பிறகு கனடா, லண்டன், தலவாக்கலை என்று ஒவ்வொருவராக. பொத்தானை அழுத்தி, அந்தச் செய்தி இங்கே வந்து, பதில் திரும்பப் போய்ச் சேரும்வரை அடி நிற்காது. பரீட்சித்துப் பார்த்ததில் எனக்கு அது தெரியும். இணைப்பு மெதுவாக இருந்தால் நீண்ட நேரம் அடிக்கும்.

'மீனம்மா: வந்தேன்.'

சபை கைதட்டியது. அதன் கீழே மறுபடியும் 'மீனம்மா: வந்தேன்'. மறுபடியும். மறுபடியும். மற்றப் பெயர்கள் மேலே தள்ளுப்பட்டுத் திரையை விட்டுப் போயின. பட்டை முழுவதும் மீனம்மா: வந்தேன், மீனம்மா: வந்தேன் என்று நிறைந்து, நிறைந்து ஓடியது. தலைவர் முன்னால் வந்து கைதட்டினார்.

"பாருங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது என்று நினைக்கிறார். இந்த உணர்வைத்தான் நான் இத்தனை காலம் எதிர்பார்த்தேன்."

நான் சேரின் சட்டைக் கையைப் பிடித்து, தப்பை நிறுத்துங்கள், அங்கே அவருக்கு அது நிற்கவில்லை, உடனே நிறுத்துங்கள் என்றேன். தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார், பொறும் என்றார் சேர். நான் பொறுத்தேன். திரையில் அந்த ஓட்டம் சட்டென்று நின்றது. 'மீனம்மா இணைப்பில் இல்லை' என்று விழுந்தது. அந்த வசனத்தையும் தமிழில் போட்டவள் நான்தான்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மேற்பிரிவுச் செய்திகளில் ஒவ்வொரு நாளும் எழுதினேன். மதியம் முழுவதும் பட்டையைப் பார்த்தேன். அந்த இழையை வாசிக்கிறவர் என்று என் பெயர் மட்டும் காட்டியது.

அடுத்த சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இது எந்தக் கட்டளைக்குக் கீழே வரும் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். சுவாமி பொறுமையாகக் கேட்டார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஞாயிறு பூசைக்கு யார் வந்தார்கள், பிரசங்க நேரத்தில் யார் சும்மா இருந்தார்கள் என்று காட்டுகிற மாதிரி ஒன்றை நம் பங்குக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

அடுத்த செயற்குழுவில் மீனம்மாவைப் பற்றி இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, தொடக்க விழாவன்று காட்டிய உணர்வுக்காக அவருக்கு 'எழுச்சிச் சுடர்' என்ற விருது வழங்குவது. மற்றது, அதன் பின் ஒரு கிழமை வராததால் அவர் பேரை வெட்டுவது. இரண்டையும் எந்த ஒழுங்கில் எடுப்பது என்று விவாதம் நடந்தது. விருதை முதலில் கொடுத்தால் விருது பெற்றவரை வெட்டியதாகிவிடும். வெட்டிவிட்டுக் கொடுத்தால் உறுப்பினர் அல்லாதவருக்குக் கொடுத்ததாகிவிடும்.

அப்போது நான் எழுந்து நின்று சொன்னேன். அவர் யார், எங்கே இருக்கிறார், எதற்காக அந்த இழையை வாசித்தார், அந்தப் பொத்தானை ஏன் அத்தனை தடவை அழுத்தினார் என்பது வரை சொன்னேன். நான் எழுதிய வரியையும் சொன்னேன். பேரை வெட்ட வேண்டாம், தப்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனதை உருக்குகிறது, பிள்ளை. மிகவும் உருக்குகிறது" என்றார். "நான் இதை வைத்து ஒரு தொடர் எழுத வேண்டும்."

யேசுரட்ணம் மாஸ்டர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "லீவு கடிதம் ஏதும் குடுத்தாங்களா?"

"இல்லைங்க சேர். அவங்களால எப்படி..."

"நான் கல்லு மனசுக்காரன் இல்ல, டெல்சி. எங்கம்மாவும் கொழுந்தெடுத்தவங்கதான். ஆனா ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் குவைத்துன்னு சொல்லுவாங்க. சட்டத்த நாமளே போட்டுட்டு நாமளே மீறினா, தொரைமாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

தப்பைப் பற்றி ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் செயலாளர். மீனம்மாவின் பேர் முதலில் வெட்டப்பட வேண்டும் என்றும், விருதுப் பத்திரத்தில் பெயருக்குக் கீழே 'முன்னாள் உறுப்பினர்' என்று குறிப்பிட்டு வழங்கலாம் என்றும் முடிவானது. எல்லோருக்கும் ஒரு சிக்கல் தீர்ந்த சந்தோசம்.

பேர் வெட்டுவது தொழினுட்ப வேலை. என்னிடம் தந்தார்கள். மறுத்தால் என் வகுப்புச் சான்றிதழ் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். கம்பியூட்டர் ஒரு முறை, 'உறுதியாக நீக்கவா?' என்று கேட்டது. மன்றத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்டது அது ஒன்றுதான். 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

வகுப்பில்லாத ஒரு நாள், கடையில் விளக்குப் போட்ட நேரம், வெளிநாட்டு அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"டெல்சியா? நான் மீனம்மா பேசுறேன். சத்தமா பேச ஏலாது."

எங்கே இருக்கிறீர்கள் அக்கா என்று ஒரு மாதிரிக் கேட்டேன். வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். இங்கே வயதான அம்மா ஒருவர் மட்டும், கம்பியூட்டர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண்ணின் போனிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அடித்தார்களா என்று கேட்டேன். கம்பியூட்டர் தந்த அந்தப் பிள்ளையைத்தான் அன்று விருந்தாளிகள் முன்னால் மேடம் ஏசிவிட்டார், பாவம் என்றார்.

"அக்கா, அன்னைக்கு நான்தான்..."

"அத விடு. அன்னைக்கு எனக்குப் பேரு போட்டாங்களா?"

"போட்டாங்கக்கா."

"அரப் பேரா?"

"முழுப் பேருக்கா."

"நெசமாவா?" அவர் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. "நான் எத்தன தடவ அமுக்குனேன் தெரியுமா? வெரலு வலிச்சுப் போச்சு. தாமதமாயிருச்சோன்னு நெனச்சேன்."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி, பய எப்படி இருக்கான்? அத முதல்ல சொல்லு. ரெண்டு நிமிசந்தான் இருக்கு."

"நல்லா இருக்கான்கா. புதுப் பல்லு மொளச்சிருச்சு. போன கெழம பள்ளிக்கூடத்துல..."

எனக்குப் பின்னால் கடையின் இரண்டு கம்பியூட்டரும் அடிக்கத் தொடங்கின. பொடியன்கள் மன்றத்தைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போயிருந்தார்கள். ஒன்றில் என் பெயர் திறந்திருந்தது. சுவரில் ஏழு மணி. நான் ரிசீவரைக் கையால் மூடப் பார்த்தேன், அதற்குள் அங்கே கேட்டுவிட்டது.

"என்னடி அது, தப்புச் சத்தமா?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க பேசுங்க. பள்ளிக்கூடத்துல அவன்..."

"பெரட்டா? அடி போடி, போ. என்னால ஒம்பேர வெட்டிறப் போறாங்க."

தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த எண் பதிவாகவில்லை. ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பு விடாமல் அடித்தது. போட்டோக் கொப்பி எடுக்க வந்து நின்ற ஒருவர், என்ன தங்கச்சி, அதை நிறுத்த மாட்டீங்களா என்று கேட்டார்.

நான் போய் 'வந்தேன்' என்பதை அழுத்தினேன்.